கையைப் பார்த்து விற்ற ஜோய்ஸ்டிக்

நேற்றுக் காலை உங்களில் ஒருவர் கடையிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். யாரென்று சொல்லமாட்டேன், வாசிக்கும்போது அவருக்கே விளங்கும். கணினியில் விமானம் ஓட்ட ஜோய்ஸ்டிக் கேட்டு ஒருவர் வந்து நிற்கிறார், எதைக் கொடுப்பது என்று கேட்டார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆர் ஆள், என்ன விமானம் ஓட்டப்போகிறார், வீட்டில் எந்த மேசையில் வைக்கப்போகிறார் என்று கேட்டேன். "அதொண்டும் தெரியாதக்கா, பாக்க நல்ல ஆள் மாதிரித்தான் கிடக்கு" என்று பதில் வந்தது. நல்ல ஆளுக்கு ஒரு ஜோய்ஸ்டிக், கெட்ட ஆளுக்கு இன்னொன்று என்று கொழும்பிலிருந்து எவரும் அனுப்புவதில்லை, தம்பி.

அதற்குப் பிறகு எனக்கு மீனில் மனம் நிற்கவில்லை. ஓய்வுபெற்று எட்டு மாதமாகிறது. சும்மா இரு, சும்மா இரு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சும்மா இருக்கச் சொன்னால் எனக்கு அந்தரம் பிடித்துவிடும். கதிரையில் இருக்கமாட்டேன், குசினிக்கும் படலைக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பேன். ஆகவே எழுதுகிறேன். கொக்குவில் கணினிக் கடையில் இருபத்தாறு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதச் சீட்டு நிரப்புவது, பெட்டியைப் பிரிக்காமல் பிரித்துப் பார்ப்பது எல்லாவற்றையும் மற்றவர்கள் காட்டித் தருவார்கள். நான் சொல்ல வந்தது, நான் விட்ட ஒரு பிழையை.

ஜோய்ஸ்டிக்கை விளையாட்டுச் சாமான் என்று நீங்கள் இளக்காரமாகப் பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். மேசையில் வைக்கிற ஓர் அடிப்பாகம், அதில் நட்ட ஒரு பிடி. பிடியைச் சாய்த்தால் திரையில் விமானம் சாயும். அவ்வளவுதானே, இதில் தெரிவுசெய்ய என்ன கிடக்கிறது என்பது என் நினைப்பு. அந்த நினைப்பை இணுவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் உடைத்தார்.

அவர் முதல் தரம் கடைக்கு வந்தபோது, ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ என்று கேட்டு என் தலைக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தார். எனக்கு வந்த எரிச்சலில், கடையில் இருந்ததில் மிகப் பெரிய ஜோய்ஸ்டிக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். போர் விமானத்துப் பிடி மாதிரிச் செய்தது. உடம்பு முழுக்கப் பொத்தான், முன்னால் சுடுகிற விசை. வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்து நின்றார். "பிள்ளை, நான் ஒருத்தரையும் சுடப்போறேல்லை" என்றார்.

விசாரித்தால், மனிதர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் பலாலியிலிருந்து சென்னைக்குப் பயணிகள் விமானம் ஓட்டுகிறவர். வாழ்க்கையில் ஒரு தரமும் விமானத்தில் ஏறாதவர். தன் வீட்டு அறையில், திரைக்கு முன்னால், நேரந்தவறாமல் புறப்பட்டு நேரந்தவறாமல் இறங்குவார். அவருக்குத் தேவைப்பட்டது மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும் பிடி. அதோடு இன்னொன்றும் சொன்னார். கப்டன் இடப்பக்கக் கதிரையில் இருப்பவர். இடக்கையால் பிடிப்பார், வலக்கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலில் இருக்கும். ஆகவே இருபக்கமும் ஒரே மாதிரியான, எந்தக் கைக்கும் பொருந்துகிற பிடி வேண்டும். நான் கொடுத்ததோ வலக்கைக்கென்று வார்த்தது. பெருவிரல் வைக்கும் பள்ளம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததைப் பிடியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எனக்கு அதுவரை அது கண்ணில் பட்டதில்லை. கொழும்புக்குச் சொல்லி அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் என்ன விமானம் என்று கேட்கப் பழகினேன். நல்ல பழக்கம். அதனோடு கூடத் தலைக்கனமும் வந்தது. ஆள் படியேறி வரும்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது என்ற எண்ணம். எந்தக் கையால் பேனை பிடிக்கிறார், எந்தக் கையால் சாமானை வாங்குகிறார், கை பெரிதா சிறிதா, பிடி இறுக்கமா தளர்வா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு பெட்டியை எடுத்து வைப்பேன். அக்கா கையைப் பார்த்தே சொல்லுவா என்று கடையில் ஒரு பேச்சே இருந்தது. அந்தப் பேச்சு எனக்கு உள்ளுக்குள் இனித்தது, ஏன் பொய் சொல்லுவான்.

தர்மிகா வந்தது இரண்டு வருடத்துக்கு முன், வெயில் ஏறிய ஒரு முற்பகலில். கோப்பாயிலிருந்து சைக்கிளில் வந்திருந்தாள். இருபத்துமூன்று வயது. தகப்பனுக்கு வெங்காயத் தோட்டம். பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி. கொழும்பில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி வருடத்துக்கு ஒருவரைத் தெரிவுசெய்து, செலவு முழுவதையும் தானே ஏற்று விமானி ஆக்குகிறதாம். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். அடுத்தது கணினியில் இருபது நிமிடம் விமானம் ஓட்டிக் காட்டும் சோதனை. போன வருடம் இதே சோதனையில்தான் விழுந்தாள், ஏனென்றால் அதற்கு முன் அவள் ஜோய்ஸ்டிக்கைத் தொட்டதே இல்லை. இந்த வருடம் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த வருடம் வயதெல்லை கடந்துவிடும். சோதனைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"இதிலையும் விழுந்தால் பிறகு இல்லை, அன்ரி" என்றாள். அழுகைக் குரல் இல்லை, பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி. எனக்கு அந்தப் பிள்ளையை உடனே பிடித்துப்போயிற்று.

என்ன விமானம் என்று கேட்டேன். ஒற்றை எஞ்சின் வைத்த சின்னப் பயிற்சி விமானம் என்றாள். உத்தரவாதச் சீட்டில் பெயரெழுதப் பேனை கொடுத்தேன். வலக்கையால் வாங்கி, வலக்கையால் அழகாக எழுதினாள். சீட்டைத் திருப்பித் தரும்போதும் வலக்கையால்தான் தந்தாள், இடக்கை பணிவாக முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்? வலக்கைக்கு வார்த்த பிடியிலேயே திறமான ஒன்றை எடுத்தேன். அடிப்பாகம் பாரம், உள்ளே தேய்ந்து போகாத காந்த உணரி, பிடி கைக்குள் பூனைக்குட்டி போல் அடங்கும். உமக்கு இதுதான் பிள்ளை என்று சொல்லி அவள் முன்னால் வைத்தேன். அவள் கையை வைத்துப் பார்த்தாள், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள், என்னைப் பார்த்தாள். நல்லாயிருக்கு அன்ரி என்று சொல்லிக் கொண்டுபோனாள்.

நாலாம் நாள் போன் வந்தது. விமானம் நேராகப் போகுதில்லையாம். உயரத்தைப் பிடிக்க முடியவில்லை. வளைக்கும்போது மூக்கு விழுகிறது, நிமிர்த்தினால் அதிகமாக நிமிர்ந்துவிடுகிறது. நான் உடனே அமைப்புகளில் குற்றம் கண்டேன். பிடியைக் கொஞ்சம் அசைத்தாலும் விமானம் அசையாதபடி நடுவில் ஓர் இடைவெளி விடலாம், அதைக் கூட்டும் என்றேன். கூட்டினாள். சரிவரவில்லை. ஆறாம் நாள் மறுபடி எடுத்தாள். மேசையில் குற்றம் கண்டேன். மேசை ஆடினால் பிடியும் ஆடும், பாரமான மேசைக்கு மாற்றும் என்றேன். ஏழாம் நாள் மறுபடி. இந்த முறை அவளிலேயே குற்றம் கண்டேன். பதகளிக்காதையும் பிள்ளை, நிதானமாய் ஓட்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று புறுபுறுத்தேன். அந்தப் பழமொழி யாருக்குப் பொருந்தும் என்று அப்போது யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் முதலாளியின் கட்டளை ஒன்றைச் சொல்ல வேண்டும், உங்களுக்கும் அதை முதல் நாளே சொல்லியிருப்பார்: "சாமானை மாத்திக் குடுக்கலாம். ஆனால் பிழை எங்களிலை எண்டு மட்டும் வாயாலை சொல்லிப்போடாதேங்கோ." நான் அதை வேதமாகப் பிடித்திருந்தேன். அதுவரை எப்போதும் அமைப்பில் பிழை, மின்சாரத்தில் பிழை, வாடிக்கையாளர் பிடித்த விதத்தில் பிழை. எங்களில் ஒருநாளும் இல்லை.

எட்டாம் நாள் தர்மிகா எடுக்கவில்லை. முந்தின நாள் எடுத்தபோது எரிச்சல்பட்டவள் நான்தான். ஆனால் அன்று போன் அடிக்காதது என்னைப் பிடுங்கித் தின்றது. வெளியே போவேன், வருவேன், போனைப் பார்ப்பேன், வைப்பேன். நாலு நாள்தானே இருக்கிறது, பிள்ளை கைவிட்டுவிட்டாளோ என்று ஓடியது மனம். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று முதலாளிக்குக்கூடச் சொல்லவில்லை.

கோப்பாயில் தாய்தான் படலையைத் திறந்தார். கொழுத்த வெயிலில் கடைக்காரி வீடு தேடி வந்ததில் அவருக்கு ஒரே பரபரப்பு. தர்மிகா கண் வீங்கிப்போய் இருந்தாள். நான் எதையும் கேட்காமல், ஓட்டிக் காட்டும் என்றேன். சாப்பாட்டு மேசையில் கணினி, கீழே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ஓட்டினாள். விமானம் வெறிகாரன் மாதிரிப் போயிற்று. ஒரு வளைவில் அவள் பிடியை இழுத்த இழுவையில் ஜோய்ஸ்டிக் விரிப்பில் வழுக்கி மேசை விளிம்பைத் தாண்டி விழுந்தது. நான் 'ஐயோ' என்று வாய் திறப்பதற்குள் அது அவள் கையில் இருந்தது.

இடக்கையில். பார்க்காமலே பிடித்திருந்தாள்.

மறுபடி ஓட்டும் என்றேன். இந்த முறை நான் திரையைப் பார்க்கவில்லை, அவளுடைய மடியைப் பார்த்தேன். மடியில் சும்மா கிடந்த இடக்கை, விமானம் சாயும்போதெல்லாம் தானாக அசைந்தது. சரியான பக்கத்துக்கு, சரியான அளவுக்கு. வலக்கை அதற்குப் பிறகுதான், பிந்தி, கூடுதலாக இழுத்தது.

உமக்கு இடக்கை வழக்கமோ என்று கேட்டேன். அவள் வாய் திறக்க முதல் தாய் குசினி வாசலில் நின்று பதில் சொன்னார். சின்ன வயதில் அப்படி ஒரு பழக்கம் இருந்ததாம், அதெல்லாம் பள்ளிக்கூடம் போக முன்னமே மாற்றியாயிற்றாம், இப்போது சாப்பாடும் எழுத்தும் சோத்துக்கைதான். பெருமையாகத்தான் சொன்னார். பேனை பிடிப்பதையும் சீட்டை நீட்டுவதையும் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன எனக்கு மண்டை விறைத்தது. எங்கள் ஊரில் எழுதுவதும் சாப்பிடுவதும் கொடுப்பதும் வாங்குவதும் அம்மாமார் பழக்கிய கை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு ஆளின் கையைக் கண்டதாக நினைத்திருக்கிறேன், விசரி.

போன வருடச் சோதனையில் மேசையில் இருந்த ஜோய்ஸ்டிக் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் கேட்டேன். அதுவும் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. நேரான பிடி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மேசையோடு பூட்டவில்லை, வலப்பக்கம் வைத்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்படியானால் இடக்கைக்கு மாற்றிக் கேட்க வழி இருந்தது. ஆனால் நான் கொடுத்த பிடியில் இடக்கை வைத்தால் பெருவிரலுக்கு இடமில்லை. இருபக்கமும் ஒத்த பிடி கடையில் இல்லை. கொழும்புக்குச் சொன்னால் வந்து சேர மூன்று நாள். எனக்குத் தெரிந்து யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இருங்கோ வாறன் என்று சொல்லிவிட்டு இணுவிலுக்கு விட்டேன் ஸ்கூட்டியை. தபால் அதிபர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மனிதர் அறைக்குள் காதில் ஹெட்செட்டோடு இருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, ஐயா, உங்கள் ஜோய்ஸ்டிக் நாலு நாளைக்கு வேண்டும் என்றேன். அவர் திரும்பவே இல்லை. கையை மட்டும் உயர்த்திப் பொறு என்று காட்டினார்.

"இப்பதான் பலாலியாலை வெளிக்கிட்டனான், பிள்ளை. கடலுக்கு மேலை நிக்கிறன். சென்னையிலை இறக்கிப்போட்டுத் தாறன்."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றார். பாதியில் நிற்பாட்டினால் என்ன என்று கேட்டுவிட்டேன். எழுபது பேர் ஏறியிருக்கும் விமானத்தைக் கடலில் விடச் சொல்கிறாயா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் அறைக்குள் நடந்தேன், விறாந்தைக்குப் போனேன், திரும்பி வந்தேன். சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று மூன்று தரம் கேட்டேன். பிறகு பொறுக்க முடியாமல் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளை, நாலு நாள், வயதெல்லை, மடியில் அசைந்த இடக்கை எல்லாம். கடைசியில், நான்தான் பிழையான சாமானைக் கொடுத்துப்போட்டேன் என்றும் சொன்னேன். என் வாயால் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தரம். அதுவும் சொல்ல வேண்டிய ஆளிடம் இல்லை.

அவர் ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு பயணிக்குக் கடும் சுகவீனம், திரும்பி வருகிறேன் என்று இங்கிலீசில் யாருக்கோ அறிவித்தார். விமானத்தை மெதுவாக வளைத்துப் பலாலிப் பக்கம் திருப்பினார். அவர் இறங்கி, ஓடுபாதையை விட்டு ஒதுங்கி, எஞ்சினை நிற்பாட்டும்வரை நான் மூச்சு விடவில்லை. வயரைச் சுற்றி என்னிடம் தந்தார். இடக்கையால் பிடிக்கிறதுக்கு யாராவது தடை சொன்னால், கப்டன் எந்தக் கையால் பிடிக்கிறவர் என்று கேட்கச் சொல்லு என்றார்.

நான் மறுபடி கோப்பாய் போய்ச் சேர நாலரை. இனி வந்ததுதான் உண்மையான தலையிடி. நாலு நாளில் கை மாற்றுவது சின்ன விஷயமா? ஓம் மாற்று என்று நான் சொல்லி அவள் விழுந்தால் பழி என் தலையில். மாற்றாதே என்று சொல்லி விழுந்தாலும் அதே பழிதான். கவுண்டரில் நின்று "உமக்கு இதுதான்" என்று சொன்ன வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. நான் தபால் அதிபரின் ஜோய்ஸ்டிக்கை வலப்பக்கம் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டச் சொன்னேன். பிறகு இடப்பக்கம் மாற்றிப் பத்து நிமிடம். இடக்கையில் முதல் இரண்டு நிமிடம் கண்றாவியாக இருந்தது. மூன்றாவது நிமிடம் விமானம் நிமிர்ந்தது. ஐந்தாவது நிமிடம் வளைத்தாள். உயரம் காட்டும் முள் அசையவில்லை.

தாய்க்குத்தான் தாங்கவில்லை. "பெரிய ஆக்களுக்கு முன்னாலை பீச்சங்கையை நீட்டிக்கொண்டு இருக்கிறதே?" என்று கேட்டார். தபால் அதிபர் சொல்லித்தந்ததை நான் சொன்னேன். கப்டன்மார் இடப்பக்கம் இருந்து இடக்கையால்தான் ஓட்டுகிறார்கள், அம்மா. தாய் என்னை நம்பாமல் மகளைப் பார்த்தார். தர்மிகா திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "ஓம் அம்மா. நான் இந்தக் கையாலைதான் ஓட்டப்போறன்" என்றாள். தாய் குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தால் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

போகும்போது தாய் என் கையைப் பிடித்து, மத்தியானம் சாப்பிடாமல் எங்களுக்காக ஓடித் திரிந்தீர்களே, எந்தக் கடைக்காரர் இப்படிச் செய்வார் என்று கண் கலங்கினார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சோதனையில் வைக்கிறதைப் போன்றதில் பழகினால் நல்லது, அதனால்தான் இதைக் கொண்டுவந்தேன் என்றேன். முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் சொல்ல லேசாக இருந்தது. நான் விற்றதைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வழி நெடுக அந்த நன்றி என்னைக் குத்திக்கொண்டு வந்தது.

சோதனையன்று பின்னேரம் தர்மிகா கொழும்பிலிருந்து எடுத்தாள். உள்ளே மூன்று பேர் இருந்தார்களாம். ஜோய்ஸ்டிக் வலப்பக்கம்தான் இருந்ததாம். இடப்பக்கம் மாற்றி வைக்கலாமா என்று கேட்டாளாம். நடுவில் இருந்தவர் எழும்பி வந்து தானே மாற்றி வைத்தாராம். எப்படி ஓட்டினாய் என்று நான் கேட்டதற்கு, தெரியேல்லை அன்ரி என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை. நான் கடையில் இருந்தவர்களைப் படுத்திய பாட்டை உங்களில் பழைய ஆட்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அலுமாரியில் இருந்த ஜோய்ஸ்டிக் எல்லாவற்றையும் இறக்கி, எது எந்தக் கைக்கு என்று பெட்டியில் எழுதினேன். எழுதி முடித்ததும் செய்ய ஒன்றும் இல்லாமல் மறுபடி துடைத்தேன். தபால் அதிபர் வேறு இரண்டு நாளைக்கு ஒரு தரம் எடுத்து, தன் ஜோய்ஸ்டிக்கைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், பிள்ளையின் மறுமொழி வந்ததா என்று கேட்பார். வரவில்லை ஐயா என்று சொல்லி என் வாய் அலுத்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, போன் அடித்தது. தாய். இரைச்சலில் கேட்கவில்லை என்று படிக்கு வெளியே வந்தேன். இடம் கிடைத்துவிட்டதாம். கடிதம் வந்திருக்கிறதாம். நான் கத்திவிட்டேன், வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தாயின் கதை வேறு பக்கம் திரும்பியது.

"அந்தக் கையை நான் சீலைத் துண்டாலை இடுப்போடை கட்டி வைச்சனான், அக்கா. மூண்டு வயசிலை. சோத்துக்கையாலை சாப்பிடும் மட்டும் அவிழ்க்கேல்லை. அவள் அழ அழ விட்டனான்."

என் கண்ணும் நிறைந்துவிட்டது. தெரியாமல் செய்ததுதானே அம்மா என்று ஏதோ சொன்னேன். அவளிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, வாய் வருகுதில்லை என்றார். அப்போது எனக்குத் தாயில் இரக்கம் வந்ததைவிட என்னில் வெட்கம் வந்தது. அந்த மனுசி இருபது வருடத்துக்கு முன் செய்ததை ஒரு கடைக்காரியிடம் சொல்லிவிட்டார். நான் ஒரு மாதத்துக்கு முன் செய்ததை இன்னும் மூடி வைத்திருக்கிறேன். நானும் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும், போனைக் கொடுங்கோ என்றேன்.

தர்மிகா வந்தாள். வாழ்த்தைக்கூடச் சொல்லாமல் தொடங்கினேன், பிந்தினால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளை, பிழை உம்மிலை இல்லை, மேசையிலை இல்லை. நான்தான் உமக்குப் பிழையான சாமான் தந்தனான். உம்மடை எட்டு நாளை நான் தின்னிட்டன்."

"தெரியும் அன்ரி" என்றாள். "அது என்ரை கைக்கு இல்லை எண்டு கடையிலை பிடிக்கேக்கையே தெரியும்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை, நான் என்ன பேயா பிசாசா, கடித்துத் தின்றுவிடுவேனா என்று பொரிந்தேன். அவள் குறையாகச் சொல்லவில்லை, எனக்கு வலிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நேரம் கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீங்கள் கேக்கேல்லையே, அன்ரி. உமக்கு இதுதான் எண்டு சொல்லி வைச்சனீங்கள்."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். கவுண்டரில் ஒருவர் வெகுநேரமாகக் காத்துக்கொண்டு நின்றார். ஐயா, உங்களுக்கு எந்தக் கை வழக்கம் என்று கேட்டேன். அவர் பிரிண்டருக்கு மை வாங்க வந்தவர்.